கறுப்புக் கம்பளியின் கடைசிப் பக்கம்

அத்தியாயம் 11

முத்துலிங்கத்தின் விலை நாலு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய். கடைசிப் பக்கம் இல்லாவிட்டால் அறுபதாயிரம்.

மனிதர் செத்துப் பத்தொன்பது வருடமாகிறது. தேயிலை ஸ்டோரில் பெட்டிகளுக்கு மார்க் அடித்துக்கொண்டு உயிரோடு இருந்த காலத்தில் அவருக்கு இப்படி ஒரு விலையை யாரும் சொன்னதில்லை. இப்போது சென்னையில் பழைய சித்திரக்கதைகள் சேர்க்கிற ஒருவர், அவர் வரைந்த கடைசி இதழுக்குச் சொல்கிறார். பெயரைச் சொல்ல மாட்டாராம், காசை மட்டும் காட்டுவாராம். அப்படிப்பட்டவரோடு யாபாரம் செய்யலாம் என்பது ஹட்டன் பஜாரின் நம்பிக்கை. பெயரைக் காட்டிக் காசை மறைக்கிறவர்களைத்தான் பஜார் அதிகம் பார்த்திருக்கிறது.

இடையில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு சுற்று பின்னால் போய் வருவோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஹட்டனை அடுத்த டிக்கோயாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து லயங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குப்பி விளக்குதான். ஆனால் தலைக்கு மேலே பொல்பிட்டிய மின்நிலையத்திலிருந்து ஊருக்கெல்லாம் கரன்ட் கொண்டுபோகிற கம்பி ஓடியது. அந்தக் கம்பி அறுந்து, மழைக்குத் தலையில் கம்பளி போட்டுப் போகிற தொழிலாளி ஒருவன்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று முத்துலிங்கம் யோசித்தார். ஆள் போய்ச் சேருவான் என்று நீங்களும் நானும் சொல்லுவோம். ஆள் பறப்பான் என்று அவர் வரைந்தார். அப்படிப் பிறந்தவன்தான் 'கறுப்புக் கம்பளி'. மூடுபனிக்குள் மலைக்கு மலை தாண்டுவான். கொழுந்து நிறுக்கும் தராசில் கைவைக்கிறவனைத் தராசிலேயே தொங்கவிடுவான். தோட்ட ஆபீசின் ரோனியோ அச்சு மெஷினில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிய எண்பது பிரதிகள், மக்பூல் முதலாளியின் கடையில் சம்பள நாளன்று விற்றுத் தீர்ந்துவிடும்.

இதழ்கள் மொத்தம் ஏழு. எண்பத்து நாலு தீபாவளிக்கு வந்த ஏழாவதில் கறுப்புக் கம்பளிக்கு வயதாகிவிடுகிறது. கம்பளியைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கப் போகிறான். எந்தப் பிள்ளைக்கு? அது கடைசிப் பக்கத்தில். கடைசிப் பக்கம் எண்பது பிரதியிலும் இல்லை. அச்சுக்கு வெட்டிய ஸ்டென்சில் கிழிந்துவிட்டது என்றார் முத்துலிங்கம். எட்டாவது இதழ் வரவேயில்லை.

போன வாரம் அவருடைய மகள் பூரணி, இடிக்கப் போகிற லயத்து வீட்டுக் காம்பராவைக் காலி செய்ய அலுமாரியை நகர்த்தினாள். சுவரில் ஒட்டியிருந்த காகிதம் ஒரு முழம் உரிந்து விழுந்தது. உள்ளேயிருந்து ஏழாம் இதழின் ஆறாம் பக்கம் எட்டிப் பார்த்தது.

நாளைக் காலை லயத்தை இடிக்கிறார்கள். ஆகவே இன்று சுவரை உரிக்க வேண்டும்.

பூரணி பிள்ளைக்காம்பராவுக்கு லீவு சொல்லியிருந்தாள். தாய்மார் கொழுந்தெடுக்க மலையேறும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. முப்பது வருடம் கொழுந்தெடுத்து முதுகு போன பிறகு அங்கே பிள்ளை பார்க்கிறாள். வயது ஐம்பத்தொன்று. புருஷன் இல்லை, மகள் கொழும்பில் வேலை. அடுப்பில் கேத்தல் கொதித்ததும் மூடியை அழுத்திப் பிடித்து, அதன் மூக்கைச் சுவருக்கு நேரே காட்டினாள். ஆவி பட்ட இடத்தில் ரொட்டிக் கரண்டியை மெல்ல நுழைத்தாள். காகிதம் இளகிக்கொண்டு வந்தது.

லயத்துச் சுவர் பாதி கல், பாதி காகிதம். ஒவ்வொரு தீபாவளிக்கும் கோதுமை மாவில் பசை காய்ச்சிக் கிடைத்த தாளையெல்லாம் ஒட்டுவார்கள். பழசைக் கிழிப்பதில்லை, அதன்மேலேயே புதுசு. குளிருக்கும் ஆயிற்று, அழகுக்கும் ஆயிற்று. பூரணியின் அம்மா ராக்காயி சாகும்வரை ஒரு வருடமும் தவறவிடவில்லை. அவள் போய் எட்டு வருடம் ஆகிறது. சுவரின் வயது அதோடு நின்றுவிட்டது.

மேல் அடுக்கில் எட்டு வருடத்துக்கு முந்தைய கலண்டர். அதற்குள்ளே ஒரு தேர்தல், தோற்றவர் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கும் உள்ளே இன்னொரு தேர்தல். அதே ஆள், அதே சிரிப்பு, கட்சி மட்டும் வேறு. பிறகு ஒரு சவர்க்கார விளம்பரம், பிள்ளையார் படத்தோடு ஒரு கல்யாணப் பத்திரிகை, ஒரு கிரிக்கெட் வெற்றி. பூரணி ஒவ்வொன்றையும் விளிம்பு கிழியாமல் எடுத்துத் தரையில் பரப்பினாள். அடுத்த அடுக்கில் என்ன என்கிற ஆவல், கேத்தலைப் பிடித்த கை சுட்டதைக்கூட மறக்கடித்தது.

பதினொரு மணிக்கு வாசலில் வேன் வந்து நின்றது. தம்பி யோகராஜ் இறங்கினான். கையில் ஒரு மண்ணிறக் கவர்.

யோகராஜுக்கு ஹட்டனில் போட்டோக் கொப்பியும் போன் ரீலோடும் செய்கிற கடை. பெயர்ப் பலகையில் 'சின்னக் கம்பளி கொமியூனிகேஷன்' என்றிருக்கும். கடைசிப் பக்கத்தை யாரும் பார்க்காவிட்டாலும், வாரிசு யார் என்பதை ஊர் அப்போதே தீர்மானித்துவிட்டது. ஆண்பிள்ளை இருக்கிற வீட்டில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்களா? ஐந்து வயதில் ஒட்டிய பட்டம், நாற்பத்தாறிலும் அவனுக்கு அளவாகவே இருந்தது.

"சுவரோட என்னாக்கா பேச்சு?" என்றான். "சாமான ஏத்துவோம். மொதலாளி ரெண்டு மணிக்கு வாறாரு."

மொதலாளி என்றால் மக்பூலின் மகன் சிப்னாஸ். சென்னைக்காரருக்கும் இந்த வீட்டுக்கும் இடையில் நிற்கிற தரகர்.

"கடைசிப் பக்கம் இல்லாம வந்து என்னா செய்வாரு?"

"இருக்கு." கவரைத் தட்டினான். "போன்ல கேட்டேன். ரெண்டு நிமிஷத்துல வரைஞ்சி குடுத்துச்சு."

"யாரு?"

"யாருமில்லக்கா. போனே வரையும்."

பூரணி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். ஒரு பையன் மார்பை நிமிர்த்தி நின்றான். கம்பளி அவன் முதுகில் பட்டுச் சேலை மாதிரிப் பறந்தது. பின்னால் மலைகள்.

"இது எந்த ஊரு மலை? உச்சியில சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு."

"அது ஐஸ்க்கா."

"டிக்கோயாவுல?"

"சென்னையில இருக்கவருக்கு டிக்கோயா தெரியுமா?"

"மூஞ்சி ஒன்னுது மாதிரித்தான் இருக்கு."

"என் அஞ்சு வயசுப் போட்டோவக் குடுத்தேன்ல."

"அஞ்சு வயசுல ஒனக்குக் கையில இவ்வளவு சதை எங்க இருந்துச்சு? மூக்குதான் ஒழுகும், ஓயாம." முகர்ந்து பார்த்தாள். "இது என்னா வாசம்?"

"தேயிலைச் சாயத்தண்ணியில ஊறவச்சேன். பழசு மாதிரி நெறம் வரணுமில்ல."

பூரணி தாளை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அக்கா, பாதி ஒனக்குத்தான். ரெண்டு லட்சத்து முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு. கேத்தல வச்சிட்டு யோசி."

"எனக்கு அந்தப் பக்கத்தப் பாக்கணும்டா."

"பாத்து? நீதான் அந்தக் கதையையே தொட்டதில்லையே."

அது உண்மை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

ஏழாம் இதழ் வந்த வருடம் பூரணிக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. ராக்காயி கொழுந்தெடுக்க மலைக்குப் போக வேண்டியிருந்தது. பிள்ளைக்காம்பரா வயதைத் தாண்டிய தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மூத்தது நீதானே என்றாள் அம்மா. புத்தகப் பையை ஆணியில் மாட்டச் சொன்னாள். அப்பா தரையில் சம்மணம் போட்டு, மடியில் பலகையை வைத்து வரைந்துகொண்டிருந்தார். பூரணி அவருக்கு முன்னால் போய் நின்றாள். ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நின்றாள். அவர் தலையைத் தூக்கவில்லை. பென்சில் ஓடிக்கொண்டேயிருந்தது.

அன்றோடு பள்ளிக்கூடம் போயிற்று. அப்பா என்று கூப்பிடுவதும் போயிற்று. அதற்குப் பிறகு 'இந்தாங்க' என்பாள், 'ஒங்களத்தான்' என்பாள். டிக்கோயா ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், வார்டில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது முத்துலிங்கம் கேட்டார்: "கடைசிப் பக்கம் பாத்தியா பூரணி?"

"ஸ்டென்சில் கிழிஞ்சிருச்சின்னு சொன்னீங்க. எங்க இருந்து பாக்குறது?" என்று அவள் கரண்டியை நீட்டினாள். அவர் கஞ்சியை விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் கேள்வியை அவர் வாரிசிடம் கேட்கவில்லை. இவளிடம் கேட்டார். பத்தொன்பது வருடமாகப் பூரணிக்குள்ளே ஒரே ஒரு கணக்கு தீராமல் கிடக்கிறது: அன்றைக்குப் பெற்ற பிள்ளையை ஏறெடுத்துப் பார்க்க முடியாத அளவுக்கு அந்த மனிதர் எதை வரைந்துகொண்டிருந்தார்?

இதையெல்லாம் தம்பியிடம் சொல்லவில்லை. "நீயும் ஒரு கரண்டிய எடு" என்றாள்.

யோகராஜ் முனகிக்கொண்டே எடுத்தான். எரிச்சலோடு தொடங்கியவன் மூன்றாவது தாளுக்குள் அமைதியாகிவிட்டான். தான் பெயிலான வருடத்துப் பேப்பர், தான் கேட்டு அழுத சைக்கிளின் விளம்பரம் என்று ஒவ்வொன்றாக வந்தால் யாருக்குத்தான் கை ஓயும்?

"அக்கா, இந்தா இந்த நடிகைய நான் மீசை வச்சிக் கெடுத்தேன்னு அம்மா அடிச்சாங்களே. மீசை அப்படியே இருக்கு பாரேன்."

"நல்ல மீசைதான். ஒனக்குக்கூட அப்படி வரல."

ஒரு மணிக்கு அடியில் இருந்த அடுக்கு வந்தது. ராக்காயி வரிசை மாறாமல் ஒட்டியிருந்தாள். ஒன்றாம் பக்கத்தில் கறுப்புக் கம்பளி இருமுகிறான். மூன்றில் மனைவியிடம் கம்பளியின் ரகசியத்தைச் சொல்கிறான். ஐந்தில் தராசுக்காரன் திரும்பி வருகிறான். ஏழில் அடைமழை. பூரணி தன் வாழ்நாளில் முதல்முறையாக அந்தக் கதையைப் படித்தாள், சுவரில் நெற்றி முட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டு. பத்தாம் பக்கத்தில் மலை உச்சியில் கிழவன் உட்கார்ந்திருக்கிறான். பதினொன்றில் கம்பளியைத் தலையிலிருந்து கழற்றுகிறான். கை நீளுகிறது. எதிரே நிற்பது யார் என்று பார்க்கத் தாளைத் திருப்ப வேண்டும்.

பதினொன்றோடு வரிசை முடிந்தது. அதற்கு அப்பால் சாமித் தட்டுக்குக் கீழே, மைக்கோடு போட்ட கட்டங்களில் வெறும் பெயர்களாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. யோகராஜ் அதைக் கரண்டியால் தட்டினான்.

"செக்ரோல். வேலைக்கு வந்தவங்க பேரு. ஒன்னுமில்ல." தாண்டிப் போனான். அதற்கப்புறம் சுண்ணாம்புச் சுவர்தான்.

"அவ்வளவுதாங்க்கா. ஸ்டென்சில் கிழிஞ்சது நெசம்தான் போல."

பூரணி தரையில் உட்கார்ந்தாள். கேத்தலில் மிச்சமிருந்த தண்ணீரில் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். யோகராஜ் மண்ணிறக் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

இரண்டு மணிக்குச் சிப்னாஸ் வந்தார். கழுத்துவரை ஸ்வெட்டர், கையில் ஒரு பூதக்கண்ணாடி. கட்டி வைத்த ட்ரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, தேத்தண்ணி வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லி, மூன்றாம் தரம் வாங்கிக் குடித்தார். யாபாரிகள் எதையும் முதல் வார்த்தைக்கு ஒப்புக்கொள்வதில்லை.

"பூரணி அக்கா, சுவர உரிச்சி வச்சிருக்கீங்க. தோட்டக் கம்பெனிக்காரன் வந்து சுவர் எங்கன்னு கேக்கப்போறான்."

"அவங்களுது கல்லு, தம்பி. காயிதம் எங்களுது."

சிப்னாஸ் சிரித்தார். "வாப்பா இருந்திருந்தா ஒங்களக் கடையில கணக்குக்கு வச்சிருப்பாரு. எங்க யோகு, அந்தக் கடைசிப் பக்கம்?"

யோகராஜ் கவரை நீட்டினான். பூரணி தரையைப் பார்த்துக்கொண்டாள்.

சிப்னாஸ் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். பூதக்கண்ணாடியை எடுக்கவே இல்லை. மூக்கருகே கொண்டுபோனார்.

"டஸ்ட் வன் தேயிலை" என்றார். "நல்ல சாயம். எந்தக் கடையில வாங்கினே?"

"மொதலாளி, அது வந்து..."

"இரு, இரு. படம் அழகா இருக்கு. பின்பக்கம் எங்க?"

"பின்பக்கம்னா?"

சிப்னாஸ் தாளைத் திருப்பினார். வெறுமையாக இருந்தது. "ஒங்கப்பாவுக்குப் புதுத் தாள் வாங்கக் காசு ஏது? ஆபீஸ்ல கழிச்சிப் போடுற பழைய செக்ரோல் தாள்லதான் அச்சடிப்பாரு. கறுப்புக் கம்பளி எந்தப் பக்கத்தத் திருப்பினாலும் பின்னால பேரு இருக்கும். அன்னக்கிளி, மாடசாமி, வந்தவங்க, வராதவங்கன்னு. படத்துக்கு ஒரு வெலன்னா, பின்னால இருக்க பேருக்குச் சென்னைக்காரரு ஒரு வெல வச்சிருக்காரு. இதுல ஒரு பேருமில்லையே யோகு."

"எழுதிக் குடுத்துட்டா?"

"கேளு. நான் பொய் விக்க மாட்டேன்னு சொல்லல. யாபாரி அப்படிச் சொல்லக் கூடாது. பொய்ய உண்மையோட வெலைக்கு விக்க மாட்டேன், அவ்வளவுதான். ஏழாம் இதழுக்கு வாப்பா பட்டது எனக்குத் தெரியும். கடைசிப் பக்கம் இல்லன்னு திருப்பிக்கொண்டு வந்த ஒவ்வொருத்தருக்கும் ஒரு டொபி குடுத்து அனுப்பினாரு. டொபிப் போத்தலே காலியாப் போச்சு. எங்க குடும்பம் ஏற்கெனவே ஒருக்கா நட்டப்பட்ட பக்கம்யா இது."

பூரணி எழுந்துவிட்டிருந்தாள்.

"தம்பி, என்னா சொன்னீங்க? படத்துக்குப் பின்னால பேரு இருக்குமா?"

"எல்லாத்திலயும்."

"அப்ப பேருக்குப் பின்னால?"

சாமித் தட்டுக்குக் கீழே அந்தத் தாள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. யோகராஜ் அதைப் பார்த்தான். தன் கரண்டியைப் பார்த்தான்.

"அது சும்மா செக்ரோல்க்கா. அம்மா கெடைச்சதையெல்லாம் ஒட்டுவாங்க."

"கெடைச்சதையெல்லாம் ஒட்டல. இவ்வளவு நேரம் உரிச்சோமே, படமில்லாத தாள் ஒன்னு பாத்தியா? அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வெறும் எழுத்த ஒட்டி அவங்க எதப் பாக்குறது? படமில்லாத தாள அம்மா ஒரு நாளும் ஒட்டினதில்ல."

கேத்தல் ஆறிப்போயிருந்தது. யோகராஜ் சொல்லாமலே அடுப்பை ஊதினான். தண்ணீர் கொதித்தது. சிப்னாஸ் ட்ரங்குப் பெட்டியிலிருந்து எழுந்து சுவருக்கு வந்துவிட்டார். தரகர் இருக்கையை விட்டு எழுந்தால் விலை ஏறும் என்பார்கள் பஜாரில். அவருக்கு அந்த ஞாபகமே இல்லை.

ஆவி பட்டதும் மேல் மூலை விட்டுக்கொடுத்தது. பூரணி கரண்டியை நுழைத்தாள். அடுத்த அங்குலத்தில் கரண்டிக்கு வேலையே இருக்கவில்லை. உள்ளே பசை இல்லை.

"நாலு மூலைக்கு மட்டும் தடவியிருக்காங்க" என்றாள். மற்றத் தாள்களுக்கெல்லாம் ராக்காயி ரொட்டிக்கு நெய் தடவுகிற மாதிரி முழுக்கத் தடவியிருந்தாள். இதை யாரும் பார்க்கவும் கூடாது, இது கெட்டுப் போகவும் கூடாது என்று நினைத்தவளின் கைவேலை இது.

தாள் கையோடு வந்தது. பூரணி அதை உடனே திருப்பவில்லை. யோகராஜ் பக்கத்தில் மூச்சு வாங்குவது கேட்டது. தன் முகம்தான் இருக்கும் என்று அவன் நாற்பத்தொரு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறான். இல்லாவிட்டால் பெயர்ப் பலகை என்னாவது? அவளுக்கோ, தன் முகம் இல்லாவிட்டால் அந்த ஆணியும் பையும் பென்சில் சத்தமும் மிச்ச ஆயுளுக்கும் அப்படியே இருக்கும்.

திருப்பினாள்.

முகமே இல்லை.

பக்கம் முழுக்க ஒரே படம். மழை. நடுவில் கறுப்புக் கம்பளி, கூரை போல விரிந்து கணுக்கால்வரை தொங்கியது. உள்ளே நடக்கிறவர்களின் தலை தெரியவில்லை, கை தெரியவில்லை. கம்பளியின் விளிம்புக்குக் கீழே, நனைந்த ஒற்றையடிப் பாதையில், கால்கள். தரையில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் நேர் எதிரே பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி.

யோகராஜ்தான் முதலில் பேசினான். "இது என் சப்பாத்து." குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "வெள்ளைக் கென்வஸ். நோர்வூட்ல வாங்கினது. வலது கயிறு எப்பவும் அவுந்து கெடக்கும், கட்டத் தெரியாது எனக்கு. நீதான் கட்டிவிடுவே."

வலது சப்பாத்தின் கயிறு சேற்றில் இழுபட்டது.

பூரணி அதைப் பார்க்கவில்லை. சப்பாத்துக்குப் பக்கத்தில் இருந்த வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது காலில் சுண்டுவிரல், பக்கத்து விரலின் மேல் ஏறிப் படுத்திருந்தது. அவள் தன் இடது செருப்பைக் கழற்றினாள். சுண்ணாம்புத் தூள் படிந்த தரையில் கால் வைத்துக் குனிந்து பார்த்தாள். ஐம்பத்தொரு வருடமாக ஏறிப் படுத்த விரல் இன்னும் இறங்கவில்லை.

அவர் தலையைத் தூக்கவில்லைதான். தூக்காத தலைக்கு நேரே இருந்தது அவள் கால். அன்றைக்கு அவள் நின்ற நேரமெல்லாம் அவர் அதைத்தான் பார்த்திருக்கிறார்; விரல் விரலாக, நகம் நகமாக.

"அப்பா" என்றாள் பூரணி. சத்தமாக இல்லை.

யோகராஜ் மண்ணிறக் கவரை அடுப்புக்குள் தள்ளினான். ஐஸ் மலை பற்றி எரிந்தது. "நம்ம ரெண்டு பேருக்கும்தான் குடுத்திருக்காரு" என்றான். "போர்ட மாத்தணும் போல. 'பெரிய கம்பளி, சின்னக் கம்பளி'ன்னு."

சிப்னாஸ் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியைத் தாளின்மேல் வைத்து இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தினார். மறுபடி வலமிருந்து இடமாக. சரக்கை இரண்டு தரம் எண்ணாமல் கையெழுத்துப் போடுகிற வளர்ப்பு இல்லை அவருடையது.

"அக்கா, ஒருக்கா எண்ணிப் பாருங்க" என்றார்.

"என்னாத்த?"

"கால."

கம்பளியின் வலது ஓரத்தில், மழை நேராக அடிக்கிற பக்கத்தில், இன்னும் ஒரு சோடிக் கால்கள் நடந்தன. வெறுங்கால்கள். பூரணியின் காலைவிட ஒரு விரற்கடை நீளம். குதிகாலில் வெடிப்பு. மற்ற இருவரும் நனையாமல் இருக்க, கம்பளியின் ஓரத்தைத் தன் பக்கம் குறைத்துப் பிடித்தவரின் கால்கள், முழங்கால்வரை நனைந்திருந்தன.

"பக்கத்துக் காம்பராப் பிள்ளையா இருக்கும்" என்றான் யோகராஜ்.

பூரணி படத்தின் அடியில் இருந்த எழுத்தைப் படித்தாள். ஐந்தாம் வகுப்பு அதற்குப் போதுமாக இருந்தது.

'கம்பளி ஒன்றுதான். என் பிள்ளைகள் மூவரும் இதற்குள்ளே நடந்து போகட்டும்.'

"மூவர்னு இருக்குடா."

"கதைதானே அக்கா. கறுப்புக் கம்பளிக்கு மூணு பிள்ளைங்க. அப்பா சும்மா வரைஞ்சிருப்பாரு."

"சும்மா வரைஞ்சா என் வெரல் ஏன் கோணலா இருக்கு? ஒன் கயிறு ஏன் அவுந்து கெடக்கு? ரெண்ட நெசத்தப் பாத்து வரைஞ்சவரு, மூணாவத எங்கயிருந்து கொண்டாந்தாரு?"

சிப்னாஸ் தொண்டையைக் கனைத்தார்.

"அக்கா, யாபாரமா ஒன்னு சொல்லட்டா? இந்தப் பக்கம் இப்ப நாலே முக்கால் இல்ல. நான் ஆறு கேட்டுப் பாப்பேன். ஆறரைகூட வரும்."

"இன்னிக்கு வேணாம் தம்பி."

"வேற யாரும் கேட்டாங்களா?"

"யாருமில்ல. இன்னும் எண்ணி முடிக்கல நாங்க." பூரணி தாளைத் தூக்கிச் சன்னல் பக்கம் பிடித்தாள். "என் காலவிடப் பெருசு, பாருங்க. மூத்தது நீதானேன்னு சொல்லித்தான் அம்மா என் பைய ஆணியில மாட்ட வச்சாங்க. அதே அம்மாதான் இதச் சுவரப் பாக்க ஒட்டியிருக்காங்க."

வெளியே வேன்காரன் ஹோர்ன் அடித்தான். யாரும் திரும்பவில்லை. யோகராஜ் அக்காவின் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, பிள்ளைக்காம்பராப் பிள்ளை மாதிரி ஒரு விரலால் ஒவ்வொரு காலையும் தொட்டு, உதடு அசைய எண்ணினான். பூரணி அவன் விரலோடு கூடவே எண்ணினாள். விடை மாறவில்லை.

யோகராஜின் கால் இரண்டு. பூரணியின் கால் இரண்டு. ஆக, நான்கு.

படத்தில் ஆறு.

நிலுவை, இரண்டு.